கப்பலின் பின் இருக்கை

தன் கணவன் வாய்விட்டுப் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் அவள் ஹெல்மெட் மாட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நிலைமை.

வீட்டில் அவருக்கு மூன்று சொற்கள் போதும். "ம்", "சரி", "பார்க்கலாம்". இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு குடும்பத்தையே நடத்திவிட்டார். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வண்டிகளைச் சாலையில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அங்கே அவருக்குச் 'சைலன்சர்' என்று பெயர். அவளுக்கு வைத்த பெயர் 'மூட்டை'. அவர் பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவள் பெயருக்குக் காரணம் ஒரு வண்டி.

அந்த வண்டிக்குக் கம்பெனி வைத்தது ஏதோ ஓர் எண். தொழிற்சாலையில் எல்லோரும் அதைக் கப்பல் என்றுதான் சொல்வார்கள். முன்னால் காற்றைப் பிளக்கும் பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் துணிமணி வைக்கப் பெட்டிகள், ஒரு நாள் முழுக்க நிற்காமல் போனாலும் களைக்காத இன்ஜின். வேகமாகவும் போகலாம், வெகுதூரமும் போகலாம், இருவராகப் போகலாம். அவர்கள் மகளைவிட மூன்று வயது மூத்தது கப்பல்.

புதிதில் அதைச் சோதித்தபோது பின் இருக்கையில் மணல் மூட்டையைக் கட்டி ஓட்டினார்கள். மூட்டை ஊர் சுற்றி வந்தது, ஒரு குறையும் சொல்லவில்லை. வண்டி வாங்கியவர்களின் மனைவிமார்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து குறை சொன்னார்கள். "வாய் இருக்கிற மூட்டை ஒண்ணு வேணும்ப்பா" என்றார் அன்றைய மேலாளர். இருக்கைக்கு உறை தைக்கும் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்த அவள், "நான் தைச்ச சீட்டு, நானே உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று எழுந்து நின்றாள். அன்றிலிருந்து அவள் மூட்டை.

முதல் பயணம் இன்றும் அவள் கண்ணுக்குள் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் சின்ன மைக்கும் ஸ்பீக்கரும் வைத்திருந்தார்கள், சாலையையும் வண்டியையும் பற்றிப் பேசிக்கொள்ள. ஊரைத் தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இரண்டு காதிலும் ஒரே நேரத்தில், மிக அருகில், ஒரு குரல் வந்தது.

"இடது பக்கம் பாருங்க. குளம். அதுல ஒரே ஒரு வாத்து மட்டும் எதிர்ப்பக்கமா போகுது. அதுக்கு யார் கூடயோ கோபம்."

லைனில் வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இந்த மனிதருக்கு இவ்வளவு மென்மையான குரலா? காற்று அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அமைதியான அறை, அந்த அறையில் அவர்கள் இருவர் மட்டும், அறையே பறந்துகொண்டிருந்தது. சாயங்காலம் இறங்கும்போது தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குச் சொல்ல மூன்று மாதம் பிடித்தது. அதையும் வண்டியில்தான் சொன்னார்.

*

கப்பலுக்குக் கம்பெனி ஆண்டுக்கொரு புதுச் சாயம் அடிக்கும், இங்கே ஒரு விளக்கை மாற்றும், அங்கே ஒரு கைப்பிடியை மாற்றும். மாற்றியதும் இருவரையும் அழைத்து, "ஓட்டிட்டு வந்து சொல்லுங்க" என்று அனுப்பும். மழை விட்டு வானம் தெளிந்த நாட்களில் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்காக அவள் மிச்ச நாட்களையெல்லாம் தைத்துத் தள்ளினாள்.

வீட்டில் எந்தப் பெரிய விஷயம் வந்தாலும், "வண்டியில பேசிக்கலாம்" என்பது வழக்கமாகிப் போயிற்று. மகளுக்குப் பெயர் வைத்தது வண்டியில். வீடு மாறியது வண்டியில். அவருடைய அம்மா இறந்தபோது அவர் கலங்காமல் நின்றதைப் பார்த்து உறவுக்காரர்கள் கல்நெஞ்சன் என்றார்கள். நான்கு மாதம் கழித்து, ஒரு நீண்ட பாலத்தின் நடுவில், அவள் காதுக்குள் அவர் விம்மி விம்மி அழுதார். அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். வண்டி மட்டும் ஆடாமல் அசையாமல் போயிற்று.

இந்த ஆண்டு மழை விட்டது. வானம் தெளிந்தது. அழைப்பு வரவில்லை.

"வராதுடி" என்றாள் பக்கத்து மெஷின்காரி. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் வேலை. மெஷினைப் போலவே வாயும் நிற்காது. அதனால் அவள் பெயரே ஓவர்லாக். "இப்போ எல்லாரும் கேக்குறது உசரமா, காட்டுக்குப் போற மாதிரி வண்டி. போறது என்னமோ கடைத்தெருவுக்குத்தான். அதுல ஏறணும்னா எனக்கு ஏணி வேணும்."

"கப்பலை நிறுத்தப் போறாங்களாமா?"

"நிறுத்தவும் மாட்டேங்கிறாங்க, புதுசா பண்ணவும் மாட்டேங்கிறாங்க. புகைக்குப் புதுச் சட்டம் வருதாம். அதுக்கு இன்ஜினையே மாத்தணுமாம். விக்காத வண்டிக்கு எதுக்கு செலவுன்னு யோசிக்கிறாங்க. வயசானவங்களுக்கு வருஷா வருஷம் டை அடிச்ச மாதிரி அடிச்சாங்க, இந்த வருஷம் அதுவும் இல்ல. ஏண்டி மூஞ்சி இப்படிப் போகுது? வண்டிதானே!"

வண்டிதானே! ஓவர்லாக்கிடம் எப்படிச் சொல்வாள்? வண்டி போனால் அந்தக் குரலும் போய்விடுமே! உயிரோடு இருக்கிற புருஷனின் குரலை இனி கேட்கவே முடியாது என்று எந்தப் பெண்ணிடம் போய் அழ முடியும்?

அதுவும் இந்த நேரத்தில். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணைச் சோதிப்பது, லென்ஸை அளந்து பொருத்துவது. கடல் தாண்டி ஒரு பெரிய லென்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ சரின்னுட்டே. அப்பா?" என்று கேட்டாள் மகள்.

"அப்பாவும் 'ம்'னுட்டாரே."

"அந்த 'ம்' எதுக்கும்மா? போன்னா, போகாதேன்னா? நேத்து கரண்ட் போனப்பவும் அதே 'ம்'தான் சொன்னார். அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லாம நான் போக மாட்டேன். போன பிறகு அங்க உட்கார்ந்து, அப்பாவுக்கு இஷ்டமோ இல்லையோன்னு தினம் அழ என்னால முடியாது."

"வண்டியில பேசுறேன்."

"எந்த வண்டியிலம்மா? அதை ஓட்டவே கூப்பிடலையே! ஒரு கம்பெனி முடிவெடுக்கலைங்கிறதுக்காக நம்ம வீடு முடிவெடுக்காம உட்கார்ந்திருக்கு. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உண்மை அதுதான்.

அவளும் முயன்று பார்க்காமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, முக்காலியை இழுத்து அவர் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். வண்டியில் உட்காரும் அதே நெருக்கம். அவர் சட்டைக் காலரைப் பார்த்தபடி, "ஏங்க, பொண்ணு விஷயமா என்ன நினைக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் திரும்பினார். மனைவியையும் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்? சட்டையில ஏதாவது ஒட்டியிருக்கா?"

*

மாதக் கடைசி வாரத்தில் மேலாளர் இருவரையும் அழைத்தார். இப்போதைய மேலாளர் இளைஞர், நல்லவர், மேலிடத்துக்கும் தொழிலாளிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எப்போதும் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பவர்.

"மேல இன்னும் முடிவு பண்ணலை. கடைசியா ஒரு தடவை நீங்க ரெண்டு பேரும் ஓட்டிட்டு வந்து சொல்லிடுங்க" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "பின் சீட்டைப் பத்திக் குறை சொல்றவங்க ஜாஸ்தியாகிட்டாங்க. ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்குன்னே சொல்றீங்க. இந்தத் தடவை நல்லா கவனிச்சுச் சொல்லுங்கம்மா."

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலை கப்பல் வாசலில் நின்றது. பழைய சாம்பல் நிறம், சாயம் மாற்றியிருக்கவில்லை. அவள் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். ஹெல்மெட்டின் வாரை இறுக்கினாள். உலகத்தின் இரைச்சலெல்லாம் கதவைச் சாத்தினாற்போல் வெளியே நின்றுவிட்டது.

கிடங்குகள் போயின, பள்ளிக்கூட மதில் போயிற்று, கடைசித் தெருவிளக்கும் போயிற்று. இரண்டு பக்கமும் புல்வெளி. பனி இன்னும் முழுக்க எழுந்திருக்கவில்லை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. சாலை அதற்குள் நுழைந்து காணாமல் போய், தூரத்தில் ஒரு மேட்டில் மறுபடி தெரிந்தது. தாங்கள் போகிறோமா, சாலைதான் தங்கள் அடியில் வழுக்கிக்கொண்டு வருகிறதா என்று அவளுக்குப் புரியவில்லை.

"அந்த மேகம் பார்த்தியா?" குரல் வந்துவிட்டது. "புறப்பட்டதிலேர்ந்து நம்ம கூடவே வருது. அதுக்கும் டெஸ்ட் போல."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். போதும், இந்த ஒரு குரல் போதும். மகளைப் பற்றிக் கேட்க வேண்டும், இப்போதே கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கேட்டுக்கொண்டிருக்கலாமே என்ற பேராசை. அவர் ஒரு வேலியைப் பற்றிப் பேசினார். எதிரில் வந்த லாரிக்காரனின் மீசையைப் பற்றிப் பேசினார். சின்ன வயதில் தொலைந்துபோன செருப்பு ஒன்று இன்னும் கனவில் வருகிறது என்றார். வெயில் ஏறி, பனி கரைந்து, ஓர் ஆறு பக்கத்தில் வந்து கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் போயிற்று.

அப்போது மிகச் சாதாரணமாகச் சொன்னார். "இதை நிறுத்திடலாம்னு நான் மேலாளர்கிட்ட சொன்னப்போ, அவர் பாவம், கழுத்தைத் தடவிட்டே இருந்தார்."



"என்ன சொன்னீங்க?"

"கப்பலை நிறுத்திடலாம்னு சொன்னதுதான். உன்கிட்ட சொன்னேனே."

"எப்போ சொன்னீங்க? என்கிட்ட எப்போ சொன்னீங்க?"

"போன மாசம். நீ துணி மடிச்சிட்டிருந்தே. நான் வந்து பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன்."

"நீங்க 'ம்'னு மட்டும்தான் சொன்னீங்க! நான் துணி மடிச்சேன். நீங்க வந்து உட்கார்ந்தீங்க. ரொம்ப நேரம் சும்மா இருந்தீங்க. அப்புறம் 'ம்'னு சொல்லிட்டு எழுந்து போனீங்க."

வண்டியின் வேகம் குறைந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றது. ஆனால் அவர் இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. இன்ஜின் அடியில் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"சும்மாவா இருந்தேன்?" என்றார். அதில் உண்மையான திகைப்பு இருந்தது. "நான் வீட்ல உன்கூடப் பேசிட்டேதான் இருக்கேன். காலைல எழுந்ததிலேர்ந்து. நீ பதில்கூட சொல்ற. அதெல்லாம்..."

"அதெல்லாம் உங்க மனசுக்குள்ளங்க."

ஒரு பறவைக் கூட்டம் சாலையைக் கடந்தது.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

இத்தனை வருடமாக ஒரு மனிதர் தன் மனைவியோடு மூச்சுவிடாமல் பேசி வாழ்ந்திருக்கிறார். அந்த மனைவியோ பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு சொல்லுக்காக ஏங்கி ஏங்கித் தேய்ந்திருக்கிறாள். இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டா? அவளுக்கு அழுகை வந்தது. கூடவே, அடக்க முடியாமல், சிரிப்பும் வந்தது.

"சரி, ஏன் நிறுத்தச் சொன்னீங்க? இந்த வண்டி போனா எனக்கு உங்க குரலே கிடையாதேங்க!"

"நீ இறங்குறப்போ இடுப்பைப் பிடிச்சிட்டு இறங்குற. பக்கக் கண்ணாடியில தெரியுது. முன்ன இப்படி இல்ல. உன்னைக் கேட்டேன், நல்லாதான் இருக்குன்னே. இல்ல..." அவர் நிறுத்தினார். "அதையும் நான் கேக்கவே இல்லையோ என்னவோ. கம்பெனிக்கு மட்டும்தான் நீ நல்லா இருக்குன்னு சொன்னியோ?"

இருக்கைக்குள் வைக்கும் பஞ்சை இரண்டு ஆண்டுக்கு முன் மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து உயிர் போகிற வலி. வலிக்கிறது என்று சொன்னால் கப்பலுக்கு ஒரு குறை கூடிவிடும், அது சாவதற்கு ஒரு காரணம் கூடிவிடும் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றே சொல்லி வந்தாள். அவள் நன்றாக இருக்கிறது என்றதால் கம்பெனி பஞ்சைத் தொடவே இல்லை. பஞ்சைத் தொடாததால் வாங்கியவர்கள் இடுப்பைப் பிடித்தார்கள். வாங்க நினைத்தவர்கள் திரும்பிப் போனார்கள். காப்பாற்றுகிறேன் என்று அவள்தான் அதன் கழுத்தை நெரித்திருக்கிறாள்!

கண்ணைத் துடைக்க முடியவில்லை, ஹெல்மெட் கண்ணாடி தடுத்தது. "பொண்ணைப் பத்தி என்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். "மனசுக்குள்ள."

"அவளா? அவ போய்ட்டாளே. எத்தனை தடவை அவளை வழியனுப்பியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் பெட்டி தூக்குறேன். ஒவ்வொரு தடவையும் அழறேன். அவதான் 'போதும்ப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க'ங்கிறா."

"அவ இன்னும் இங்கதான் இருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கா. நாளையோட கெடு முடியுது."

அவர் வண்டியைத் திருப்பினார்.

*

கண்ணாடிக் கடையில் மகள், ஒரு பெரியவரின் மூக்கில் பிரேமைப் பொருத்திக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு அப்பா வருவதையும், தலைமுடி ஹெல்மெட்டில் அழுந்தி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதையும், அவருக்குப் பின்னால் அம்மா முகம் சிவந்து நிற்பதையும் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"என்னப்பா? விழுந்துட்டீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மேசை மேல் வரிசையாக இருந்த பிரேம்களைப் பார்த்தார். பின்னால் நின்றவள், தானே முந்திக்கொண்டு சொல்லிவிடலாமா என்று தவித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கூடாது. இதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"அந்த ஊர்ல குளிர் ஜாஸ்தியாம்" என்றார் அவர்.

"ஆமாம்ப்பா."

"கையுறை நான் வாங்கித் தரேன். நான் போட்டுக்கிறேனே, உள்ள பஞ்சு வச்சது, அந்த மாதிரி. கடையில நீயா வாங்காதே. ஏமாத்திடுவான்."

மகள் அசையவில்லை. அவர் இன்னும் முடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"போயிட்டு வாம்மா. எனக்குச் சம்மதம். எனக்கு... ரொம்ப நாளாவே சம்மதம். பெருமையா இருக்கு. அதை உன்கிட்ட சொல்லிட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

மகள் அழ ஆரம்பித்தாள். பொருத்தியும் பொருத்தாமலும் பிரேமை மூக்கில் வைத்துக்கொண்டிருந்த பெரியவர், "நீங்க பேசுங்க, பேசுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, எனக்குத்தான் எதுவும் தெரியலையே" என்றார். அழுதுகொண்டே மகள் சிரித்தாள்.

*

மறுநாள் மேலாளரின் அறையில் அவள் உள்ளதைச் சொன்னாள். "பின் சீட்டு வலிக்குதுங்க. பஞ்சு மாத்தினதிலேர்ந்து வலிக்குது. நான் பொய் சொல்லிட்டேன்."

மேலாளரின் கை கழுத்துக்குப் போயிற்று. "ஏம்மா?"

"அதைச் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க. வேற யாருக்கும் புரியாது."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வெகுநேரம் சன்னலுக்கு வெளியே நின்ற கப்பலைப் பார்த்தார். "அப்போ குறை பஞ்சுலயா? வண்டியில இல்லையா?" என்று தனக்குத்தானே கேட்டார். பிறகு, "பழைய பஞ்சை வச்சு ஒரு சீட் தைச்சுப் பாருங்க. மேல பேசிப் பார்க்கிறேன். இன்ஜின் விஷயம் என் கையில இல்ல. எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

இன்றுவரை யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. கப்பல் விலைப்பட்டியலில் இருக்கிறது. வண்டி கட்டும் பிரிவில் இல்லை. நிறுத்தியாயிற்று என்றும் யாரும் அறிவிக்கவில்லை, புதியது வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. மகள் கையுறையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். புது உறை ஒன்று தயாராகி மெஷின் பக்கத்தில் கிடக்கிறது. "இதை எந்த வண்டியில மாட்டப் போறே, உன் மடியிலயா?" என்று ஓவர்லாக் தினமும் கேட்கிறாள்.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைலன்சர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு தையல் பிரிவுக்கு வந்தார். இப்போதெல்லாம் வருகிறார். எதிரில் உட்கார்ந்தார். சாப்பிட்டார். அந்த உறையின் தையலை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே வெயில் லேசாக மங்கி மறுபடி தெளிந்தது. கடைசியில், "ம்" என்றார்.

அவள் டப்பாவை மூடிவைத்தாள்.

"அதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க?"

அவர் தண்ணீர் குடித்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடுகிறவர் போல மெஷின்களுக்கு மேலே, எங்கோ தூரத்தில் ஒரு சாலையைப் பார்த்தார்.

"காலைல நீ பஸ் படியில கால் வச்சே இல்ல," என்றார், "அங்கேர்ந்து வரேன்."